சுரங்கம் வருமுன் தூந்திரத்தை அளப்பது: எந்த வழியில் பணத்தைப் போடுவது?

அலாஸ்காவின் வடமேற்கில் ரெட் டாக் என்று ஒரு துத்தநாகச் சுரங்கம் இருக்கிறது. 1960களில் அந்த மலைகளுக்கு மேல் சிறு விமானம் ஓட்டிப் போன பாப் பேக்கர் என்ற விமானி, ஓடைக்கரையில் துரு நிறக் கறை படிந்திருப்பதைப் பார்த்தார். விமானத்தில் அவரோடு கூடவே போகும் செந்நிற நாயின் பெயரால்தான் அந்த இடம் இன்றும் அழைக்கப்படுகிறது. சுரங்கம் 1989இல் இயங்கத் தொடங்கியது. ஆனால் ஓடை அதற்கு முன்பே கெட்டுப்போயிருந்தது. தாது தரைக்கு மிக அருகில் இருந்ததால் துத்தநாகமும் காட்மியமும் ஈயமும் தாமாகவே தண்ணீரில் கலந்தன. ஓடையின் சில பகுதிகளில் மீன் வாழவே முடியவில்லை. சுரங்க வேலை தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இதை அளந்து எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பதிவு இருந்ததால்தான், ஓடையில் உள்ள உலோகத்தில் எவ்வளவு மலை கொடுத்தது, எவ்வளவு சுரங்கம் கொடுத்தது என்று பின்னாளில் பிரித்துப் பேச முடிந்தது.

அதே சுரங்கத்தின் சாலை வேறு கதை. தாதுத்தூளைக் கடற்கரைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக சுமார் 84 கிலோமீட்டர் மண்சாலை போட்டார்கள். அதில் ஒரு பகுதி கேப் க்ரூசன்ஸ்டர்ன் என்ற பாதுகாக்கப்பட்ட தேசிய நிலத்தின் ஊடே போகிறது. லாரிகளிலிருந்து பறந்த தூசி சாலையோரப் பாசியில் படிந்தது. அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் ஆய்வாளர்கள் அந்தப் பாசியைப் பறித்துச் சோதித்து, ஈயமும் காட்மியமும் மிகுந்திருப்பதாக 2001இல் அறிக்கை வெளியிட்டார்கள். இங்கே அவர்களுக்குக் கைகொடுத்தது தூரம். சாலையை ஒட்டி எவ்வளவு, கொஞ்சம் தள்ளி எவ்வளவு, இன்னும் தள்ளி எவ்வளவு என்று வரிசையாக அளந்தார்கள். தள்ளிப் போகப் போக உலோகம் குறைந்தது. தூசி எங்கிருந்து வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லாமல் போயிற்று. அதன் பிறகு லாரிகளுக்கு இறுக மூடும் எஃகு மூடிகள் வந்தன.

ஓடைக்கு விடை சொன்னது காலம், சாலைக்கு விடை சொன்னது தூரம். மரம் வளராத, குளிர் மிகுந்த ஆர்க்டிக் தூந்திரத்தில் சுரங்கம் தோண்ட நினைக்கும் கம்பெனி, அதை அனுமதிக்கலாமா என்று பார்க்கும் வாரியம், தங்கள் வேட்டை நிலம் என்ன ஆகும் என்று கவலைப்படும் ஊர் என மூன்று தரப்புக்கும் முதல் முடிவு இதுதான்: சுரங்கம் வருமுன் அங்கே இருக்கும் நிலையை எந்த வழியில் அளப்பது? துறையில் இதை பேஸ்லைன் என்பார்கள். நான் அடிநிலை ஆய்வு என்று எழுதுகிறேன்.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிநிலை ஆய்வு எவ்வளவு நல்லது என்பது அனுமதி வாங்கும் நாளில் தெரிவதில்லை. பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து ஒரு வேட்டைக்காரர் கூட்டத்தில் எழுந்து “மான் ஏன் இந்தப் பக்கம் வருவதில்லை?” என்று கேட்கும் நாளில்தான் தெரியும். அன்றைக்கு யாராலும் திரும்பிப் போய் அளக்க முடியாது. ஆகவே கீழே உள்ள வழிகளை ‘எது சீக்கிரம் முடியும், எது மலிவு’ என்று மட்டும் ஒப்பிடாமல், அந்த நாளில் எது கைகொடுக்கும் என்று பார்த்தே ஒப்பிடுகிறேன்.

இரண்டு கோடை

மிகவும் வழக்கமான வழி இது. ஆலோசனை நிறுவனம் ஒன்றை அமர்த்தி, ஹெலிகாப்டரோடு ஆட்களை அனுப்பி, இரண்டு கோடையில் செடி, பறவை, மீன், மண், தண்ணீர் எல்லாவற்றையும் எடுத்துவிடுவது. தூந்திரத்தில் கோடை என்றால் ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம் வரைதான். பறவைகள் கூடு கட்டும் காலம் அதிலும் சில வாரங்கள். ஒரு வாரம் மூடுபனி பிடித்துக்கொண்டால் அந்த ஆண்டின் பறவைக் கணக்கில் பெரிய பங்கு போய்விடும்.

கம்பெனிகள் இதை ஏன் விரும்புகின்றன என்பது புரியாத விஷயம் இல்லை. தாது தேடும் நிலையில் வருமானம் கிடையாது, முதலீட்டாளர் பணத்தில்தான் எல்லாம் நடக்கும். உலோக விலை இறங்கினால் திட்டமே நின்றுவிடும். இரண்டு கோடையில் உருப்படியாகச் செய்யக்கூடியவையும் நிறைய உண்டு. எந்த மேட்டில் என்ன செடி, எங்கே சதுப்பு, எந்தச் சரிவில் பருந்து கூடு கட்டும் பாறை, எந்த ஏரி எவ்வளவு ஆழம், பழைய முகாம்களின் கல்வட்டங்கள் எங்கே இருக்கின்றன என்பதெல்லாம் ஓராண்டில் பெரிதாக மாறாது. இதற்கு இரண்டு கோடை போதும்.

சிக்கல், ஏறி இறங்கும் உயிர்களிடம்தான். லெம்மிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். எலி மாதிரி சிறு பிராணி. குளிர்காலம் முழுக்கப் பனிக்கு அடியிலேயே வாழும். வசந்தத்தில் பனி உருகியதும், தேங்காய் அளவுக்குக் காய்ந்த புல் உருண்டைகள் தரையில் ஆங்காங்கே கிடக்கும். அவை லெம்மிங்கின் குளிர்காலக் கூடுகள். ஆய்வாளர்கள் வரிசையாக நடந்து அவற்றை எண்ணுவார்கள். ஒரு உருண்டையைப் பிரித்தால் உள்ளே சாம்பல் நிற மயிர் மெத்தை போல அடைந்திருந்தால், அந்த வீட்டுக்காரரைத் தின்ற, கீரி போலத் தோன்றும் வீசல் என்ற வேட்டைப் பிராணி ஒன்று அதே கூட்டில் குளிர்காலத்தைக் கழித்திருக்கிறது என்று அர்த்தம். இப்படி எண்ணும் உருண்டைகள் ஒரு வசந்தத்தில் ஏராளமாக இருக்கும், இரண்டு ஆண்டு கழித்துத் தேடினாலும் கிடைக்காது. பல இடங்களில் லெம்மிங் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பெருகி, பிறகு சரிகிறது. பனி ஆந்தை அவற்றை நம்பியே கூடு கட்டும். லெம்மிங் இல்லாத ஆண்டில் நரி பறவை முட்டைகளைத் தேடிப் போகும், அதனால் உள்ளான்களின் குஞ்சுகளும் குறையும். ஆக ஒரு பிராணியின் ஏற்ற இறக்கம் பாதித் தூந்திரத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது.

இப்போது இரண்டு கோடையும் சரிவான ஆண்டுகளில் விழுந்தால்? ‘பனி ஆந்தை இப்பகுதியில் கூடு கட்டுவதில்லை’ என்று அறிக்கை சொல்லும். இரண்டும் பெருக்க ஆண்டுகளாக இருந்தால், சுரங்கம் திறந்த மறு ஆண்டு ஆந்தைகள் காணாமல் போகும், பழி சுரங்கத்தின் மேல் விழும். இரண்டு பேச்சும் தவறு, இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

கரிபு மானில் இந்தத் தவறு இன்னும் பெரிதாகிறது. கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் பாத்தர்ஸ்ட் மந்தை என்று ஒன்று உண்டு. 1986இல் சுமார் 4,70,000 மான்கள். 2003இல் 1,86,000. 2009இல் சுமார் 32,000. 2018இல் 8,200. 2021இல் 6,200 அளவு. அந்த மந்தை நடமாடும் நிலத்தில் எகாட்டி வைரச் சுரங்கம் 1998இலும், பக்கத்திலேயே டையாவிக் 2003இலும் உற்பத்தியைத் தொடங்கின. இந்த வீழ்ச்சிக்கு வேட்டை, வறண்ட கோடை, ஓநாய், இயற்கைச் சுழற்சி, சுரங்கச் சாலை என எது எவ்வளவு காரணம் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. இந்த எண் வரிசையில் எந்த இரண்டு கோடையை எடுத்தாலும் ஒரு ‘இயல்பு நிலை’ கிடைக்கும். ஒவ்வொன்றும் வேறு வேறாக இருக்கும்.

கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் உள்ள பாஃபின் தீவில் இது தலைகீழாக நடந்தது. மேரி ரிவர் இரும்புச் சுரங்கத்துக்கு 2012 டிசம்பரில் சான்றிதழ் கிடைத்தது. அதற்கான ஆய்வுகள் நடந்த ஆண்டுகளில் தீவின் வடக்கில் கரிபுவே அரிதாக இருந்தது. 2014இல் தீவு முழுக்க வான்வழியாக எண்ணியபோது 5,000க்கும் குறைவாகவே கிடைத்தது. 2015 ஜனவரியில் வேட்டைக்குத் தடையே வந்தது. கரிபு போய்த் திரும்பி வர ஒரு மனித ஆயுள் ஆகும் என்று அங்குள்ள பூர்வகுடிகளான இனுயிட் மூத்தோர் சொல்லிவந்தார்கள். மான் இல்லாத காலத்தில் எடுத்த அடிநிலையை வைத்து, மான் திரும்பி வரும்போது அது எந்தப் பாதையில் நடக்கும், ரயில் பாதையை எங்கே கடக்கும் என்று எப்படிச் சொல்வது? இரண்டு கோடைக்குப் பதில் நான்கு கோடை நின்றிருந்தாலும் இதற்கு விடை கிடைத்திருக்காது.

நீண்ட காலமும் ஒப்பீட்டு இடமும்

இரண்டாவது வழி, குறைந்தது நான்கைந்து ஆண்டு அளப்பது. அதோடு, சுரங்கம் வராத இன்னோர் இடத்தையும் அதே முறையில், அதே நாட்களில் அளப்பது. சுரங்கத்துக்கு முன்னும் பின்னும், சுரங்கத்தின் அருகிலும் தொலைவிலும் என்று நான்கு கட்டங்கள். இரண்டு இடமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் அது வானிலை. சுரங்க இடம் மட்டும் பிரிந்து போனால் அது சுரங்கம்.

ஆர்க்டிக்கில் இந்த ஒப்பீட்டு இடம் இல்லாமல் காலத்தை மட்டும் நீட்டுவது அநேகமாக வீண் என்று நினைக்கிறேன். காரணம், நிலமே மாறிக்கொண்டிருக்கிறது. 1979க்குப் பிறகு ஆர்க்டிக், உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. உறைநிலம் இளகுகிறது, புதர் உயர்கிறது, ஏரியில் பனிக்கட்டி முன்னதாக உடைகிறது. சுரங்கமே வராவிட்டாலும் 2035இன் தூந்திரம் 2025இன் தூந்திரமாக இருக்காது. ‘முன்பு இப்படி இருந்தது’ என்று மட்டும் சொல்லும் ஆய்வில், வெப்பமடைதலின் விளைவுகள் எல்லாம் சுரங்கத்தின் கணக்கில் ஏறும். இல்லாவிட்டால் சுரங்கத்தின் விளைவுகள் எல்லாம் வெப்பமடைதலின் பின்னால் ஒளிந்துகொள்ளும். நடைமுறையில் இரண்டாவதுதான் அதிகம்.

சரி, ஒப்பீட்டு இடத்தை எங்கே வைப்பது? இங்கேதான் பலர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். ஹெலிகாப்டர் எரிபொருளை மிச்சப்படுத்த ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு ஏரியைத் தேர்ந்தெடுப்பார்கள். எகாட்டி, டையாவிக் சுரங்கங்களைச் சுற்றி நடந்து 2012இல் வெளியான ஆய்வு ஒன்று, கரிபு அந்தச் சுரங்கங்களிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர் வரை விலகிப் போவதைக் காட்டியது. அந்த வளையத்துக்கு வெளியே உள்ள நிலத்தை மான்கள் ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகமாக நாடின. ஐந்து கிலோமீட்டரில் வைத்த ஒப்பீட்டு இடம் அந்த வளையத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதை ஒப்பீடு என்று சொல்ல முடியாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. அடுத்த கம்பெனி வந்து உங்கள் ஒப்பீட்டு ஏரியின் கரையிலேயே துளை போடலாம். அதனால் ஒரே ஏரியை நம்பாமல் மூன்று நான்கை வைத்துக்கொள்வது நல்லது. அதோடு ரெட் டாக் சாலையில் செய்தது போல, சுரங்கம் வரப்போகும் இடத்திலிருந்து வெளிநோக்கித் தூர வரிசையில் அளவிடங்களைப் போட்டுவிடுவது. முன்கூட்டிய ஆண்டுகள் குறைவாக இருந்தாலும் இந்தத் தூர வரிசை பேசும். தூசிக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

தூசியை அளப்பது எளிமையான வேலை. ஏப்ரலில், பனி இன்னும் கெட்டியாக இருக்கும்போது, ஒரு நீளக் குழாயைத் தரை தட்டும் வரை பனிக்குள் இறக்குவார்கள். அந்தக் குழாயில் வருவது அந்தக் குளிர்காலம் முழுவதும். அதைப் பையில் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய் உருக்கி, வடிதாளில் வடித்து, தாளைக் காயவைத்து எடை போடுவார்கள். சுரங்கம் வருமுன் எடுத்த தாள் ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கும். சுரங்கம் வந்தபின் எடுத்த தாள்களைக் கிலோமீட்டர் வரிசையில் மேசைமேல் பரப்பினால், கரும்பழுப்பிலிருந்து வெள்ளை வரை நிறம் இறங்குவதைப் பள்ளிப் பிள்ளை கூடப் பார்த்துச் சொல்லும். ஊர்க்கூட்டத்தில் காட்ட இதைவிட நேர்மையான சான்று கிடையாது. இதற்கு ஆகும் செலவோ முழு ஆய்வில் மிகச் சிறிய பங்கு. அப்படியிருந்தும், முதல் ஆண்டிலேயே இதைத் தொடங்காமல் கட்டுமானத்துக்குச் சற்று முன்தான் நினைவு வருகிறது.

மீனுக்கு ஒரு எச்சரிக்கை. வட ஏரிகளின் ட்ரவுட் மெதுவாக வளரும், பல பத்தாண்டுகள் வாழும். வலை போட்டு எண்ணினால் எண்ணும் மீன் செத்துப்போகும். ஐந்து ஆண்டு அடிநிலை, அதற்கு மேல் ஒப்பீட்டு ஏரிகள் என்று சேர்ந்தால் ஆய்வே ஒரு சிறு மீன்பிடித் தொழில் ஆகிவிடும். டையாவிக்கில் ஸ்கல்பின் என்ற விரல் நீளச் சிறு மீனை வைத்தும் கண்காணிக்கிறார்கள். அது பிறந்த இடத்தைவிட்டு அதிகம் நகராது, அதனால் அந்தத் தண்ணீரின் கதையைச் சரியாகச் சொல்லும். நீண்ட ஆய்வைத் தேர்ந்தெடுப்பவர்கள் இப்படிப்பட்ட உயிர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த வழியின் உண்மையான குறை பணமும் காலமும் மட்டும் இல்லை. அடிநிலைக்கு ஆயுள் உண்டு. கனடாவின் வடக்குப் பிரதேசமான நூனவுட்டில் பேக்கர் லேக் ஊருக்கு அருகே திட்டமிட்ட கிக்காவிக் யுரேனியச் சுரங்கத்தை, 2015இல் நூனவுட் தாக்க மறுஆய்வு வாரியம் இப்போதைக்கு வேண்டாம் என்று பரிந்துரைத்தது. காரணம், எப்போது தொடங்கும் என்று கம்பெனியால் தேதி சொல்ல முடியவில்லை. பல ஆண்டு கழித்து எப்போதோ தொடங்கும் சுரங்கத்தின் விளைவை இன்றைய அளவுகளை வைத்து நம்பிக்கையோடு சொல்ல முடியாது என்பது வாரியத்தின் வாதம். எனக்கு அது முழுக்கச் சரியாகப் படுகிறது. ஐந்து ஆண்டு அளந்துவிட்டு எட்டு ஆண்டு சும்மா இருந்தால், அளந்ததும் பழைய கதையாகிவிடும். நீண்ட வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள், திட்டம் தூங்கும் ஆண்டுகளிலும் பனிக்குழாயையும் தண்ணீர் அளவிகளையும் நிறுத்தாமல் நடத்த ஒத்துக்கொள்ள வேண்டும்.

கருவிகளும் பழைய சேறும்

மூன்றாவது வழியாக இப்போது அதிகம் பேசப்படுவது கருவிகள். தானியங்கிக் கேமரா, பறவைக் குரலைப் பதியும் பெட்டி, மானுக்குக் கழுத்துப்பட்டை, செயற்கைக்கோள் படம். ஆட்கள் இல்லாத மாதங்களிலும் இவை வேலை செய்யும். லேண்ட்சாட் படங்கள் 1972 முதல் இருப்பதால் பின்னோக்கியும் பார்க்கலாம். ஆனால் மேலிருந்து தெரிவது பசுமை. பாசி போலத் தரையில் படரும் லைக்கனைத் தள்ளிக்கொண்டு புதர் வளர்ந்தால் படம் பசுமையாகும், குளிர்காலத்தில் லைக்கனைத் தின்று வாழும் கரிபுவுக்கோ அது இழப்பு. பாத்தர்ஸ்ட் மந்தையில் செயற்கைக்கோள் பட்டைகள் 1996 முதல் இருக்கின்றன, ஆரம்பத்தில் மிகச் சில மான்களுக்கு மட்டும். பட்டை கட்டுவது விலங்கை அவமதிப்பது என்று நினைக்கும் மூத்தோரும் அங்கே உண்டு. கருவிகள் நல்ல துணை. அவற்றை மட்டும் நம்பி ஓர் அடிநிலை ஆய்வை நான் ஏற்க மாட்டேன்.

பலர் மறந்துவிடும் இன்னொன்று உண்டு. நிலம் தானே எழுதி வைத்திருக்கும் பதிவு. ஏரியின் அடிச்சேற்றைக் குழாயில் எடுத்து, ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயத்தைக் கொண்டு அடுக்கடுக்காகக் காலம் கணித்தால் சுமார் 150 ஆண்டு வரை பின்னே போகலாம். எந்த ஆண்டில் எவ்வளவு உலோகம் படிந்தது, எந்த நுண்பாசி வாழ்ந்தது என்பது அங்கே கிடக்கிறது. கரிபுவுக்குக் கூட இப்படி ஒன்று இருக்கிறது. மரங்கள் முடிந்து தூந்திரம் தொடங்கும் எல்லையில் கருப்பு ஸ்ப்ரூஸ் மரங்களின் வேர்கள் தரைக்கு மேலேயே ஓடும். மந்தை நடக்கும் பாதையில் குளம்பு பட்டு வேரில் காயம் விழும், மரம் அந்தக் காயத்தை ஆண்டு வளையத்துக்குள் மூடிக்கொள்ளும். வேரை அறுத்து வளையங்களை எண்ணினால் எந்த ஆண்டு எத்தனை காயம் என்று தெரியும். வடமேற்குப் பிரதேசத்தில் இப்படிச் செய்து 2006இல் வெளியான ஆய்வில், 1940களின் நடுவிலும் 1990களிலும் மான் மிகுந்திருந்ததும் 1920களில் மிகக் குறைந்திருந்ததும் தெரிந்தது. அங்குள்ள ட்லிச்சோ பூர்வகுடி மூத்தோர் நினைவில் இருந்தும் அதே கதை வந்தது.

இரண்டு கோடை நின்று எண்ணியவருக்குத் தெரியாததை ஒரு வேர் சொல்கிறது. நூறு ஆண்டு ஏற்ற இறக்கத்தில் நாம் எங்கே நிற்கிறோம் என்ற கேள்விக்கு இதைவிடச் சிக்கனமான விடை கிடையாது. இதன் எல்லையும் தெளிவு: மான் வந்ததா இல்லையா என்று சொல்லும், ஏன் வரவில்லை என்று சொல்லாது. மரமே இல்லாத பாஃபின் போன்ற இடங்களில் இது உதவாது.

அந்த நிலத்தில் வாழ்பவர்கள்

நான்காவது வழியைப் பெரும்பாலான அறிக்கைகள் பின்னிணைப்பில் வைக்கின்றன. ஒரு வாரம் ஊருக்குப் போய், வரைபடத்தை விரித்து, மூத்தோரிடம் வேட்டை இடங்களைக் குறிக்கச் சொல்லி, சாப்பாடு போட்டுத் திரும்பிவிடுவார்கள். அதற்குள் எங்கெங்கே அளப்பது என்ற அளவு வரிசைகள் எல்லாம் அலுவலகத்தில் முடிவாகியிருக்கும். இது அந்த அறிவுக்குச் செய்யும் மரியாதையும் இல்லை, ஆய்வுக்குப் பயனும் இல்லை.

ட்லிச்சோ அரசு 2016 முதல் செய்துவருவது வேறு மாதிரி. கோடையில் அவர்களுடைய கண்காணிப்பாளர்கள் கான்ட்வாய்ட்டோ ஏரிக்குப் போய் வாரக்கணக்கில் முகாமிட்டு, வேட்டைக்குப் போவது போலவே நடந்து, உட்கார்ந்து, மந்தையைப் பார்க்கிறார்கள். மான் கொழுத்திருக்கிறதா, நொண்டுகிறதா, கன்று கூடவே இருக்கிறதா, ஓநாய் எங்கே, கரடி எங்கே, கொசுக்கடி எப்படி, செடி காய்ந்திருக்கிறதா என எதையும் விடாமல் பதிகிறார்கள். வான்வழிக் கணக்கெடுப்பு எண்ணிக்கையைத் தரும். மானின் உடல்நிலையையும் நடத்தையையும் தருவது இந்த முறைதான்.

எண் கணக்கு தடுமாறும் இடத்தில் இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு மேரி ரிவரையே மறுபடி பார்க்கலாம். இரும்புத்தாதுக் கப்பல்கள் 2015 முதல் எக்லிப்ஸ் சவுண்ட் என்ற கடற்பகுதி வழியாகப் போகின்றன. அங்கே நார்வால் திமிங்கலங்கள் 2004 கணக்கெடுப்பில் சுமார் 20,000. 2013இல் சுமார் 10,000. இரண்டுமே கப்பல்களுக்கு முந்தையவை. எது இயல்பு? பிறகு 2020இல் சுமார் 5,000, 2021இல் சுமார் 2,600 என்று இறங்கியபோது, கம்பெனி கடல்பனி, நார்வாலை வேட்டையாடும் ஓர்க்கா என்று வேறு காரணங்களையும் காட்டியது. திமிங்கலங்கள் பக்கத்து அட்மிரல்டி இன்லெட்டுக்கு நகர்ந்திருக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. பாண்ட் இன்லெட் ஊர் வேட்டைக்காரர்களோ கப்பல் சத்தம் வந்ததும் திமிங்கலத்தின் போக்கு மாறியதைத் தங்கள் கண்ணால் பார்த்தவர்கள். சுரங்கத்தை விரிவாக்கி, ரயில் போட்டு, ஆண்டுக்கு 1.2 கோடி டன் ஏற்றுமதி செய்யும் திட்டத்தை 2022 மே மாதம் மறுஆய்வு வாரியம் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. நவம்பரில் கனடா அமைச்சர் அதை ஏற்றுத் திட்டத்தை நிராகரித்தார். மெலிந்த அடிநிலை கம்பெனியைக் காப்பாற்றவில்லை என்பதைத் திட்ட மேலாளர்கள் கவனிக்க வேண்டும். நல்ல அடிநிலை இருந்திருந்தால் சுரங்கத்துக்குச் சாதகமான சான்றாகக் கூட அது அமைந்திருக்கலாம்.

இந்த வழியிலும் சிரமம் உண்டு. ஊரார் சொன்னதன் மேல் யாருக்கு உரிமை, எதை வெளியிடலாம் என்பதை முதலிலேயே எழுத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டால் நம்பிக்கை போய்விடும். ஒரே ஊரில் பத்துக் கம்பெனிகளும் அதே பத்து மூத்தோரையே கூப்பிட்டு அலைக்கழிக்கும் கொடுமையும் நடக்கிறது.

அப்புறம், எல்லாக் கம்பெனிகளும் அரசும் சேர்ந்து ஒரே பிராந்திய அடிநிலையை நடத்துவது. கொள்கையளவில் இதுதான் சிறந்தது. அதே வடமேற்குப் பிரதேசத்தில் காச்சோ குவே வைரச் சுரங்கம் 2016இல் திறந்தபோது அதன் ‘முன்’ நிலை என்பது எகாட்டி, டையாவிக், ஸ்னாப் லேக் ஆகிய சுரங்கங்கள் மூன்றும் வந்த பிறகான நிலை. ஒவ்வொரு சுரங்கமும் தனித்தனியாக அளந்தால், ஒவ்வொன்றும் தன் பங்கு சிறிது என்றே காட்டும். மந்தைக்கு எல்லாம் சேர்ந்துதான் விழும். ஆனால் தனி ஒரு கம்பெனியால் இதைத் தேர்ந்தெடுக்க முடியாது. அரசு தொடங்கினால் சேரலாம், அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

என் கையில் அந்தப் பணம் இருந்தால்

விண்ணப்பத்துக்கு நான்கு ஆண்டு இருக்கிறது என்றால், இரண்டாவது வழியையும் நான்காவதையும் சேர்த்தே எடுப்பேன். முதல் செலவு, அளவு வரிசைகளை வரையும் முன்பே வேட்டைக்காரர்களோடு ஒரு கோடை முழுக்க நடப்பது. எங்கே அளப்பது என்பதை அவர்களோடு சேர்ந்து முடிவு செய்வது. அதே ஆண்டு ஏப்ரலில் முதல் பனிக்குழாய், 20 கிலோமீட்டருக்கு அப்பால் வரை. மூன்று ஒப்பீட்டு ஏரிகள். உறைநிலத்தின் வெப்பத்தைப் பதியும் கம்பிகளும் தண்ணீர் அளவிகளும் முதல் கோடையிலேயே புதைந்துவிட வேண்டும், அவை ஆள் இல்லாமலே ஆண்டு முழுக்க வேலை செய்யும். லெம்மிங் கூடு எண்ணுவதை நான்கு வசந்தமும் விடக் கூடாது. கழுத்துப்பட்டைக்குத் தனித் திட்டம் வேண்டாம், அரசும் ஊராரும் நடத்தும் திட்டத்துக்குப் பணம் கொடுத்தால் போதும். குறைக்க வேண்டியது, நூற்றுக்கணக்கான செடிப் பெயர்களைப் பக்கம் பக்கமாக அடுக்கும் பட்டியல்கள். அவற்றை வைத்து எந்தத் தகராறும் தீர்ந்து நான் பார்த்ததில்லை.

இரண்டு கோடைதான் கிடைக்கும் என்றால், தூர வரிசையையும் ஏரிச்சேற்றையும் செயற்கைக்கோள் படங்களையும் எடுப்பேன். மர எல்லை அருகில் இருந்தால் வேர்க்காயங்களையும். ஊராரோடு நடக்கும் கோடையை மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கரிபு பற்றிய அத்தியாயத்தில், இரண்டு ஆண்டில் எங்களால் இயல்பு நிலையைச் சொல்ல இயலாது என்று வெளிப்படையாக எழுதச் சொல்வேன். அந்த வரியைப் பார்த்து வாரியம் கூடுதல் நிபந்தனை போடும். போடட்டும், அந்த நிபந்தனை நியாயமானதே.

எந்த வழியானாலும் ஒன்றை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். வடிதாள்கள், பாசி மாதிரிகள், மீனின் காதெலும்புகள், சேற்றுத் துண்டுகள் எதையும் அறிக்கை முடிந்ததும் தூக்கிப் போடக் கூடாது. ஆலோசனை நிறுவனம் மாறும், கம்பெனி கைமாறும், தெற்கில் உள்ள ஆய்வுக்கூடம் இடம் போதவில்லை என்று பெட்டிகளைக் காலி செய்யும். ஒவ்வொன்றிலும் ஒரு பாதியை, இடமும் தேதியும் எழுதிய சீட்டோடு, அந்தப் பிரதேசத்திலேயே ஓர் உறைபெட்டியில் ஊராரின் பொறுப்பில் வைக்க வேண்டும். இன்று யாரும் அளக்க நினைக்காத ஒரு வேதிப்பொருளை 2045இல் ஒருவர் தேடலாம். அப்போது அவர் திறந்து பார்க்க அந்தப் பெட்டி அங்கே இருக்க வேண்டும்.